மரத்தடிப் பள்ளியில் தொடங்கியவர்: ஹர் கோவிந்த் கொரானா

நான்காம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் இடைநிலைப்பள்ளிக்குச் சுகாதாரக் குழு ஒன்று வந்தது. தலசீமியா பரிசோதனை என்று சொல்லி வகுப்பு வகுப்பாக ரத்தம் எடுத்தார்கள். சில வாரங்களுக்குப் பிறகு எங்கள் வகுப்பில் எனக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. மறுபடியும் ரத்தம் எடுத்து, மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார்கள். கடைசியாக வந்த தாளில் நான் பீட்டா தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவள் என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. கோடான் 8/9, கூட்டல் ஜி.

அந்த வரி வீட்டில் யாருக்கும் புரியவில்லை. பெம்பாவா என்ற மலாய்ச் சொல் மட்டும் புரிந்தது. சுமப்பவள் என்று பொருள். அம்மா பயந்துபோனார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், இதை வெளியே சொல்லாதீர்கள், நாளைக்குப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று அம்மாவின் காதில் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே அந்தத் தாள் அலமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் போய்விட்டது. பெற்றோரும் பரிசோதனை செய்துகொள்ளும்படி அதில் எழுதியிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் ஏதோ தப்பு செய்துவிட்டவள் போல நான்கு ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசாமலேயே இருந்தேன்.

இப்போது பீடோங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஆண்டு ஒரு விரிவுரையில் மரபுக் குறியீட்டு அட்டவணையைத் திரையில் காட்டினார்கள். அதில் 64 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எழுத்துகள். அந்த மூவெழுத்துக்குத்தான் கோடான் என்று பெயர். சேலைகளுக்கு அடியில் கிடந்த அந்த வரி எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. இந்த அட்டவணையைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று அன்று இரவே தேடினேன். கிடைத்த பெயர்களில் ஒன்று நம் பக்கத்துப் பெயராக இருந்தது. அவர்தான் ஹர் கோவிந்த் கொரானா. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நம் இளைஞர்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிராமத்தில் படித்த ஒரே குடும்பம்

பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில், முல்தான் வட்டாரத்தில், ராய்ப்பூர் என்ற குக்கிராமத்தில் கொரானா பிறந்தார். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அவர் பிறந்த தேதி உறுதியாகத் தெரியாது. ஆவணங்களில் 1922ஆம் ஆண்டு ஜனவரி 9 என்று பதிவாகியிருக்கிறது. ஓர் அக்காளும் மூன்று அண்ணன்களும் உள்ள குடும்பத்தில் அவர்தான் கடைக்குட்டி.

கிராமத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் என்று சொன்னால் அது அநேகமாகக் கொரானாவின் குடும்பம் ஒன்றுதான். அப்பா கண்பத் ராய் ஒரு பட்வாரி, அதாவது நிலவரிக் கணக்கு எழுதும் கீழ்நிலை அரசு ஊழியர். வசதி இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் படிப்பில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கொரானாவின் முதல் சில ஆண்டுப் படிப்பு ஒரு மரத்தடியில் நடந்தது. ஊருக்கு ஓர் ஆசிரியர், நிழலுக்கு ஒரு மரம், பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவியவர். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் பிள்ளைகளை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். தோட்டப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்ததோடு அவருடைய படிப்பு முடிந்தது. அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவர் நோபல் பரிசு பெறுவார் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ராய்ப்பூரிலும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள்.

கொரானா முல்தானில் டி.ஏ.வி. உயர்நிலைப்பள்ளியில் படித்தார். அங்கு ரத்தன் லால் என்ற ஆசிரியர் அவரைப் பெரிதும் ஊக்குவித்தார். பிறகு லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து 1943இல் இளங்கலைப் பட்டமும் 1945இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே அவருக்கு வழிகாட்டிய மகான் சிங் சோதனைகளைத் துல்லியமாகச் செய்யக் கற்றுக்கொடுத்தவர். 1945இல் இந்திய அரசின் உதவித்தொகையோடு கொரானா இங்கிலாந்து போனார். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 1948இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஊர் இல்லாமல் போனவர்

அவர் லிவர்பூலில் இருந்த காலத்தில்தான் 1947இல் நாடு பிரிந்தது. பிறந்த கிராமம் வேறு நாடாகிவிட்டது. குடும்பம் டில்லிக்கு இடம்பெயர்ந்தது.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு கொரானா சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குப் போய், பேராசிரியர் விளாடிமிர் பிரெலாகிடம் ஓர் ஆண்டு ஆய்வு செய்தார். அங்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. கையில் இருந்த சேமிப்பை வைத்துச் சமாளித்தார். 1949இல் இந்தியா திரும்பினார். முனைவர் பட்டம் பெற்று, ஐரோப்பாவில் பயிற்சியும் பெற்று வந்த அவருக்குச் சொந்த நாட்டில் பொருத்தமான வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச காலத்திலேயே மறுபடியும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். 1950 முதல் 1952 வரை கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டாட் என்ற பெரிய வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். புரதங்களிலும் நியூக்ளிக் அமிலங்களிலும் அவருக்கு ஆர்வம் வந்தது அங்கேதான். டி.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் நியூக்ளிக் அமிலங்களே.

1952இல் கனடாவின் வான்கூவரில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே கருவிகளும் வசதிகளும் குறைவு. ஆனால் விரும்பியதை ஆராயலாம். அதே ஆண்டில் எஸ்தர் எலிசபெத் சிப்ளர் என்ற சுவிஸ் பெண்மணியை மணந்தார். நாட்டை விட்டு வந்து ஆறு ஆண்டுகள் அலைந்ததில் எந்த இடமும் சொந்த இடமாகத் தோன்றாமல் இருந்த தம் வாழ்க்கைக்கு ஒரு நிலையைக் கொடுத்தவர் மனைவிதான் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

வான்கூவரில் கொரானாவும் அவருடைய குழுவினரும் நியூக்ளிக் அமிலங்களின் சிறு துண்டுகளை வேதியியல் முறையில், ஓர் எழுத்துக்குப் பின் ஓர் எழுத்தாகக் கோக்கும் வித்தையைப் படிப்படியாகக் கற்றார்கள். அது மிகவும் பொறுமை கேட்கும் வேலை. ஒரு துண்டைத் தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும். 1960இல் அவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, உலகில் மிகச் சிலருக்கே தெரிந்த அந்த வித்தை அவர் கையில் இருந்தது. அறிவியல் உலகம் திணறிக்கொண்டிருந்த ஒரு பெரிய கேள்விக்கு விடை காண அதுவே உதவியது.

தாத்தா கடலை வாங்கி வாங்க

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பாடம் வேண்டும். நம் உடலின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் ஒரு புரதம்தான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற 20 வகை மணிகளைக் கோத்த மாலை. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற வரிசை டி.என்.ஏ.யில் எழுதப்பட்டிருக்கிறது. டி.என்.ஏ.யில் உள்ள எழுத்துகள் நான்கே நான்கு. அவை ஏ, டி, ஜி, சி. செல் இந்த வரிசையை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுத்துத்தான் படிக்கும். ஆர்.என்.ஏ.யில் டி இருக்கும் இடத்தில் யு என்ற எழுத்து வரும்.

நான்கு எழுத்துகளை வைத்து 20 மணிகளை எப்படிக் குறிப்பது? ஓர் எழுத்துக்கு ஒரு மணி என்றால் நான்கு மணிகளைத்தான் குறிக்கலாம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16 வரும், அதுவும் போதாது. மும்மூன்றாகச் சேர்த்தால் 64 வரும், அது தாராளம். அதனால் மூன்று எழுத்து ஒரு குறி என்று பலரும் ஊகித்தார்கள். ஆனால் ஊகம் ஆதாரமாகிவிடாது.

மூன்று மூன்றாகப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டி.என்.ஏ.யில் சொற்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. நம் வீட்டு வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பீடோங் கடைவீதிக்குப் போகும் தாத்தாவிடம் சின்ன வயதில் நான் சொன்னது இது:

தாத்தா – கடலை – வாங்கி – வாங்க

ஒவ்வொரு சொல்லிலும் மூன்று எழுத்து. இடைவெளியை எடுத்துவிட்டு, இரண்டாம் எழுத்திலிருந்து மும்மூன்றாகப் படித்துப் பாருங்கள்:

த்தாக – டலைவா – ங்கிவா – ங்க

மூன்றாம் எழுத்திலிருந்து தொடங்கினால்:

தாகட – லைவாங் – கிவாங் – க

எழுத்துகள் அதேதான், வரிசையும் அதேதான். தொடங்கிய இடம் மாறியதால் பொருள் போய்விட்டது. இப்படி ஒரே வரிசையை மும்மூன்றாகப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியையும் ஒரு வாசிப்புச் சட்டகம் என்கிறோம். நான்காம் எழுத்திலிருந்து தொடங்கினால் முதல் சட்டகமே திரும்பி வந்துவிடும். டி.என்.ஏ. இரட்டை இழை. எதிர் இழையை எதிர்த் திசையில் படிக்க வேண்டும், அதிலும் மூன்று சட்டகங்கள் உண்டு. ஆக மொத்தம் ஆறு.

நடுவில் ஓர் எழுத்து விழுந்துவிட்டால் என்ன ஆகும்? கடலையிலிருந்து ட என்ற எழுத்தை எடுத்துவிடுவோம்:

தாத்தா – கலைவா – ங்கிவா – ங்க

தாத்தா மட்டும் தப்பித்தார், அவருக்குப் பின்னால் வந்த எல்லாம் குழம்பிவிட்டது. ஆனால் கடலை என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், தாத்தா வாங்கி வாங்க என்று மீதி சரியாகவே நிற்கும். ஒரு சொல் குறைகிறது, சட்டகம் மாறுவதில்லை.

1961இல் பிரான்சிஸ் கிரிக்கும் சிட்னி பிரென்னரும் அவர்களுடைய கூட்டாளிகளும் கேம்பிரிட்ஜில் இதையேதான் செய்து காட்டினார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரசின் மரபணுவில் ஓர் எழுத்தைக் கூட்டினால் அது கெட்டது. இரண்டைக் கூட்டினாலும் கெட்டது. அருகருகே மூன்றைக் கூட்டியபோது பல சமயம் மறுபடியும் வேலை செய்தது. மரபணு மும்மூன்றாகப் படிக்கப்படுகிறது என்பதற்கு அது வலுவான ஆதாரம். அதே ஆண்டில் அமெரிக்காவில் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தாயும் வெறும் யு எழுத்தாலான ஆர்.என்.ஏ.யைச் செல்சாற்றில் போட்டார்கள். பினைல் அலனின் என்ற ஒரே வகை மணி கோத்த மாலை கிடைத்தது. 64 குறிகளில் முதல் குறி தெரிந்துவிட்டது. மற்றவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொரானா கோத்த எழுத்துகள்

கொரானாவின் வித்தை இங்கேதான் தேவைப்பட்டது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்று தெரிந்த ஆர்.என்.ஏ. யாரிடமும் இல்லை. அவரால் அதைச் செய்ய முடியும். முதலில் டி.என்.ஏ.யின் சிறு துண்டுகளை வேதியியல் முறையில் கோத்தார். பிறகு நொதிகளின் உதவியால் அவற்றை நீளமான, திரும்பத் திரும்ப வரும் வரிசைகளாக வளர்த்து, ஆர்.என்.ஏ.யாகப் படியெடுத்தார். அந்த ஆர்.என்.ஏ.யைச் செல்சாற்றில் போட்டு, வெளியே வந்த மாலையில் என்னென்ன மணிகள் இருக்கின்றன என்று பார்த்தார்.

யு, சி, யு, சி என்று மாறி மாறி வரும் வரிசையை முதலில் எடுத்துக்கொள்வோம். மும்மூன்றாகப் பிரித்தால் யுசியு, சியுசி என்ற இரண்டு குறிகள்தான் மாறி மாறி வரும். எந்த இடத்தில் தொடங்கினாலும் அப்படித்தான். கிடைத்த மாலையிலும் செரின், லியூசின் என்ற இரண்டு மணிகள் மாறி மாறி வந்தன. ஒரு குறிக்கு இரண்டு எழுத்தோ நான்கு எழுத்தோ இருந்திருந்தால் இப்படி வந்திருக்காது.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. யுயுசி, யுயுசி, யுயுசி என்று மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும் வரிசை. முதல் எழுத்தில் தொடங்கினால் எல்லாக் குறியும் யுயுசி. இரண்டாம் எழுத்தில் தொடங்கினால் எல்லாம் யுசியு. மூன்றாம் எழுத்தில் தொடங்கினால் எல்லாம் சியுயு. இந்த ஆர்.என்.ஏ.யில் இங்கே தொடங்கு என்று சொல்லும் குறி எதுவும் இல்லை. சோதனைக்குழாயில் செல்சாறு மூன்று இடங்களிலிருந்தும் படித்தது. கொரானாவுக்கு மூன்று தனித்தனி மாலைகள் கிடைத்தன. ஒன்றில் முழுக்க பினைல் அலனின், இன்னொன்றில் முழுக்க செரின், மற்றொன்றில் முழுக்க லியூசின். ஒரே எழுத்து வரிசைக்கு மூன்று சட்டகங்கள், மூன்று சட்டகங்களுக்கு மூன்று புரதங்கள். நான் மேலே கடலையை வைத்துச் சொன்னதை அவர் சோதனைக்குழாயில் நிரூபித்துவிட்டார்.

சில நான்கெழுத்து வரிசைகள் நீண்ட மாலையைத் தரவே இல்லை. ஜியுஏஏ என்று திரும்பத் திரும்ப வரும் வரிசையை மும்மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். எங்கே தொடங்கினாலும் சீக்கிரத்தில் யுஏஏ என்ற குறி வந்து நிற்கும். அது எந்த மணியையும் குறிப்பதில்லை. மாலையை இத்தோடு முடி என்று சொல்லும் நிறுத்தக் குறி அது. யுஏஜி, யுஜிஏ ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவையே. நிரன்பர்க் குழுவினர் வேறொரு முறையில் கண்ட முடிவுகளும் கொரானா குழுவினரின் முடிவுகளும் சேர்ந்து 1966 வாக்கில் அட்டவணை நிறைவு பெற்றது. 64 குறிகளில் 61 அமினோ அமிலங்களுக்கு, மூன்று நிறுத்தத்துக்கு. அந்த 61இல் ஏயுஜி என்பது பொதுவாகத் தொடக்கக் குறியாகவும் வேலை செய்கிறது. நம் செல்கள் சட்டகத்தைத் தவறவிடாமல் படிப்பது அதனால்தான்.

1968ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொரானா, நிரன்பர்க், ராபர்ட் ஹாலி ஆகிய மூவருக்கும் கிடைத்தது. மறு ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருது அளித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரு வேலை கொடுக்க முடியாமல் போன நாடு அது.

மரபணுவைத் தேடும் வழி

அந்த அட்டவணை இல்லாவிட்டால் இன்று என் பாடத்தில் பாதி இருக்காது. ஓர் உயிரியின் டி.என்.ஏ. வரிசை முழுவதும் கையில் கிடைத்தால், புரதத்துக்கான மரபணுக்கள் எங்கே இருக்கின்றன என்று எப்படித் தேடுவது? கணினி ஆறு சட்டகங்களிலும் படித்துப் பார்க்கும். எழுத்துகள் தாறுமாறாக விழுந்திருந்தால் 64 குறிகளில் மூன்று நிறுத்தக் குறி என்ற கணக்கில் சராசரியாக 21 குறிகளுக்கு ஒரு முறை நிறுத்தக் குறி வந்துவிடும். ஆனால் ஒரு சட்டகத்தில் தொடக்கக் குறிக்குப் பின் நூற்றுக்கணக்கான குறிகள் வரை நிறுத்தக் குறியே வரவில்லை என்றால், அது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதைத் திறந்த வாசிப்புச் சட்டகம் என்கிறோம். அங்கே மரபணு இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஞாயிறு இதழில் வரும் சொல் தேடும் புதிரில் சில சின்னச் சொற்கள் தற்செயலாக அமைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல டி.என்.ஏ.யிலும் சின்னத் திறந்த சட்டகங்கள் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து புரதம் உருவாவதாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், மனிதனின் மரபணுக்கள் பெரும்பாலும் துண்டு துண்டாக இருக்கின்றன. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைத் தரும் பீட்டா குளோபின் மரபணு மூன்று துண்டுகள், நடுவில் இரண்டு இடைச்செருகல்கள். செல் இடைச்செருகல்களை வெட்டிவிட்டு மூன்றையும் ஒட்டிய பிறகுதான் சட்டகம் சரியாக ஓடும். அதனால் டி.என்.ஏ.யை மட்டும் படித்து முடிவுக்கு வராமல், ஆர்.என்.ஏ. உண்டாகிறதா, புரதம் கிடைக்கிறதா, மற்ற உயிரிகளிலும் அதே வரிசை இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். மனித டி.என்.ஏ.யின் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 20,000. புரதத்தை நேரடியாகக் குறிக்கும் பகுதி நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

கொரானா நோபல் பரிசோடு ஓய்ந்துவிடவில்லை. 1970இல் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறினார். அதே ஆண்டில், ஈஸ்டின் ஒரு சிறு மரபணுவை முழுக்க வேதியியல் முறையில் உருவாக்கிவிட்டதாக அவர் குழு அறிவித்தது. 1976இல் பாக்டீரியாவுக்குள் போய் உண்மையிலேயே வேலை செய்யும் செயற்கை மரபணு ஒன்றை உருவாக்கிக் காட்டினார்கள். அதன் பிறகு தம் ஐம்பதுகளில் துறையையே மாற்றிக்கொண்டு, கண்ணில் ஒளியை உணரும் புரதத்தைப் பற்றிப் புதிதாகக் கற்று, பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2011ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி தம் 89ஆம் வயதில் அமெரிக்காவில் காலமானார்.

என் ரத்தத்தில் உள்ள ஓர் எழுத்து

இனி அந்தச் சேலைகளுக்கு அடியில் கிடந்த வரிக்கு வருகிறேன். அட்டவணையைப் படித்த வாரக்கடைசியில் வீட்டுக்குப் போய் அந்தத் தாளை எடுத்தேன். பீட்டா குளோபின் மரபணுவின் 8ஆம் குறியிலிருந்து வழக்கமான வரிசை இது:

ஏஏஜி – டிசிடி – ஜிசிசி – ஜிடிடி – ஏசிடி

இதில் 9ஆம் குறி டிசிடி. ஆர்.என்.ஏ.யில் அதுவே யுசியு, கொரானாவின் மாலைகளில் செரினைத் தந்த அதே குறி. என் இரண்டு பிரதிகளில் ஒன்றில் 8க்கும் 9க்கும் நடுவில் ஒரு ஜி கூடுதலாக நுழைந்திருக்கிறது:

ஏஏஜி – ஜிடிசி – டிஜிசி – சிஜிடி – டிஏசி

கடலையில் ஓர் எழுத்து விழுந்தபோது நடந்ததுதான் இங்கே ஓர் எழுத்து கூடியதால் நடக்கிறது. 9ஆம் குறியிலிருந்து எல்லாமே வேறு மணிகள். நான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து மும்மூன்றாகப் பிரித்துக்கொண்டே போனேன். 22ஆம் இடத்தில் டிஜிஏ வந்தது, அது நிறுத்தக் குறி. 146 மணிகள் இருக்க வேண்டிய மாலை 21 மணிகளோடு நின்றுவிடுகிறது. அதை வைத்து ஹீமோகுளோபின் செய்ய முடியாது.

இந்த மாற்றம் இந்திய வம்சாவளியினரிடம் அடிக்கடி காணப்படுவது. நம் நாட்டுச் சீனர்களிடம் அதிகம் காணப்படும் ஒன்றில் 41, 42ஆம் குறிகளில் நான்கு எழுத்துகள் விழுந்திருக்கின்றன. நான்கு என்பது மூன்றால் வகுபடாத எண், அதனால் அங்கும் சட்டகம் நகர்ந்துவிடுகிறது. மலாய்க்காரர்களிடம் அதிகமாக உள்ள ஹீமோகுளோபின் ஈ என்பதில் ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து வந்திருக்கிறது. அதில் சட்டகம் நகர்வதில்லை. ஆகவே இது ஓர் இனத்துக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரிய சாபம் இல்லை. யாரும் செய்த தப்பும் இல்லை.

என்னிடம் சரியான இன்னொரு பிரதி இருக்கிறது. அது போதுமான அளவு வேலை செய்வதால் நான் நோயாளி அல்ல. ஆனால் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கெட்ட பிரதிகள் இரண்டும் சேர்ந்து கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படி ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்றவும் மருந்து எடுக்க வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்குத்தான் 2016 முதல் நாடு முழுவதும் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பரிசோதனை நடத்துகிறார்கள். மறைத்து வைத்தால் பரிசோதனை செய்ததற்கே பலன் இல்லை. மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் முதலில் வெளியே எடுக்க வேண்டிய தாள் அதுதான்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அம்மா, அப்பா, பாட்டி மூவருக்கும் தாத்தா கடலை வாங்கி வாங்க என்று எழுதிக் காட்டி விளக்கினேன். பாட்டிதான் முதலில் பிடித்துக்கொண்டார். ஓர் எழுத்து தள்ளிப்போனதற்காகவா பிள்ளையை இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அம்மாவும் அப்பாவும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்பாவும் சுமப்பவர், அம்மா இல்லை.

தம்பி இந்த ஆண்டு நான்காம் படிவம். பரிசோதனைக்கான ஒப்புதல் பாரத்தைப் போன வாரம் கொண்டுவந்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். உங்கள் வீட்டுக்கும் அந்தப் பாரம் வரும்போது பெற்றோரிடம் மறக்காமல் காட்டுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் அந்தத் தாளைச் சேலைக்கு அடியில் வைக்காமல், எடுக்கத் தோதான இடத்தில் வையுங்கள்.